சேமிப்புக் கூட்டமும் வகுப்பறையும்: நாட்றாம்பாளையம் சார்ந்த எல்லைப் பகுதியில் சமூக மனவெழுச்சிக் கற்றலின் வரலாறு (1989–2024)

ஆய்வுச் சுருக்கம்

தன் உணர்வை அறிதல், அதனை ஆளுதல், பிறர் உணர்வை உணர்தல், உறவைப் பேணுதல், பொறுப்புடன் முடிவெடுத்தல் ஆகிய ஐந்து திறன்களையும் கற்பிக்கத்தக்கவை எனக் கொள்வது சமூக மனவெழுச்சிக் கற்றல் என்னும் கல்விக் கோட்பாடு. இன்று இது பெரும்பாலும் பள்ளிக் குழந்தைகளுக்கு உரியதாகவே பேசப்படுகிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தென்மேற்கு எல்லையில் உள்ள நாட்றாம்பாளையத்தை உள்ளடக்கிய பழைய தருமபுரி மாவட்டத்தின் வரலாறு வேறொரு வரிசையைக் காட்டுகிறது. இங்கு அத்தகைய கற்றல் 1989ஆம் ஆண்டு தொடங்கிய மகளிர் சேமிப்புக் குழுக்களின் வழியே முதலில் பெரியவர்களிடம் நிகழ்ந்தது. பள்ளிக்குப் பின்னரே வந்தது. அவ்வரலாற்றைத் தொகுத்து, குழந்தைகளின் மனவெழுச்சிக் கல்வி பெரியவர்களின் கற்றலைச் சார்ந்தே நிலைபெறும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச் சொற்கள்: சமூக மனவெழுச்சிக் கற்றல், மெய்ப்பாடு, கேள்வி, மகளிர் சுய உதவிக் குழு, கலைப்பயணம், செயல்வழிக் கற்றல், நாட்றாம்பாளையம்.

முன்னுரை

அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் செல்லும் காட்டுச் சாலையில் அமைந்துள்ளது நாட்றாம்பாளையம். ஒருபுறம் காப்புக்காடு, மறுபுறம் காவிரியை நோக்கிச் சரியும் மலைச்சரிவு, ஆற்றுக்கு அப்பால் கருநாடகம் என்பது அதன் இருப்பிடம். தேன்கனிக்கோட்டை வட்டத்தில் இருந்து, பின்னர் அஞ்செட்டி தனி வட்டமானபோது அதனுள் சேர்ந்தது. தமிழ்நாட்டின் பெரும் தொழில் நகரங்களுள் ஒன்றான ஓசூர் இதே மாவட்டத்தில்தான் உள்ளது. எனினும் அந்நகரின் ஆலைச் சங்கொலிக்கும் இம்மலைச் சிற்றூர்களின் கேழ்வரகுக் கொல்லைகளுக்கும் இடையே உள்ள தொலைவு, சாலையின் நீளத்தைவிடப் பெரிது.

பள்ளியை இடையில் விடுதல், இளம் வயதுத் திருமணம், வேலை தேடிக் குடும்பத்துடன் இடம்பெயர்தல் ஆகிய மூன்றும் இப்பகுதிக் குழந்தைகளின் வாழ்வைத் தீர்மானிக்கும் நிகழ்வுகளாகும். இம்மூன்றையும் முடிவு செய்பவர்கள் குழந்தைகள் அல்லர். பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி ‘நான் படிக்க விரும்புகிறேன்’ எனச் சொல்லக் கற்றுக்கொள்ளலாம். அச்சொல்லைக் கேட்கக் கற்ற பெரியவர் வீட்டில் இல்லையெனில் அக்கற்றலால் அவளுக்குக் கிடைக்கும் பயன் என்ன? இவ்வினாவே இக்கட்டுரைக்கு அடிப்படை. கட்டுரை வரலாற்று முறையிலும் விளக்க முறையிலும் அமைகிறது. நாட்றாம்பாளையம் தனித்த ஆய்வுக்களமாக அன்றி, ஒரு நிலப்பரப்பின் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது.

1. கோட்பாட்டின் தோற்றம்

சமூக மனவெழுச்சிக் கற்றல் என்னும் பெயர் 1994ஆம் ஆண்டு அமெரிக்காவில், கல்வியாளரும் உளவியலாளரும் கூடி ஒரு கூட்டமைப்பை நிறுவியபோது வழக்கிற்கு வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு வெளிவந்த டேனியல் கோல்மனின் ‘எமோஷனல் இன்டெலிஜென்ஸ்’ என்னும் நூல் இக்கருத்தைப் பொதுமக்களிடம் பரப்பியது. 1990களில் உலக நலவாழ்வு நிறுவனம் பத்து வாழ்க்கைத் திறன்களை வகுத்து, அவற்றைப் பள்ளிகளில் கற்பிக்கப் பரிந்துரைத்தது. இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை இக்கற்றலைப் பெயர் சுட்டிக் குறிப்பிடுகிறது.

இதன் பயனை அளந்த ஆய்வுகளுள் 2011ஆம் ஆண்டு ஜோசப் டர்லாக்கும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட தொகுப்பாய்வு குறிப்பிடத்தக்கது. 213 பள்ளித் திட்டங்களையும் அவற்றில் பங்கேற்ற 2,70,034 மாணவர்களையும் உள்ளடக்கிய அவ்வாய்வு, இத்திட்டங்களில் பங்கேற்றோர் நடத்தையிலும் மனநிலையிலும் மேம்பட்டதோடு, பாட அடைவில் சராசரி மாணவரைவிட 11 சதமானப் புள்ளிகள் முன்னேறியதாகவும் காட்டியது. உணர்வைக் கற்பிக்கச் செலவிடும் நேரம் பாடத்திலிருந்து திருடப்பட்ட நேரம் என்னும் ஐயத்திற்கு அது விடையாயிற்று. ஆயினும் அத்திட்டங்களுள் மிகப் பெரும்பாலானவை அமெரிக்கப் பள்ளிகளில் நடந்தவை; ஆகவே அவ்வளவை நம் மலைச் சிற்றூர்களுக்கு அப்படியே பொருத்துதல் பொருந்தாது.

இவ்விடத்தில், பின்னர் பலரும் மறந்துபோன ஒரு முன்னோடி முயற்சியைச் சுட்டுதல் வேண்டும். பெயர் தோன்றுவதற்கு முன்பே, 1968இல், யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் ஜேம்ஸ் கோமர், நியூ ஹேவன் நகரில் ஏழைக் கறுப்பினக் குழந்தைகள் பயின்ற இரு தொடக்கப் பள்ளிகளில் தம் பணியைத் தொடங்கினார். அவர் முதலில் மாற்ற முனைந்தது பாடநூலை அன்று. ஆசிரியர், பெற்றோர், நிருவாகத்தார் ஆகியோர் ஒருவரோடொருவர் பழகும் முறையை. பெற்றோரையும் உறுப்பினராகக் கொண்ட குழுக்கள் கூடிப் பள்ளியை நடத்தின. ஒருவர்மீது ஒருவர் குற்றம் சுமத்தாமல் சிக்கலைத் தீர்த்தல், ஒத்த கருத்தின்வழி முடிவெடுத்தல், ஒத்துழைத்தல் என்பன அக்குழுக்களின் நெறிகள். பெரியவர்களின் உறவு சீர்பட்டபோதே குழந்தைகளின் நடத்தையும் கல்வியும் சீர்பட்டன என்பது அவர் கண்ட முடிவு. தருமபுரி வரலாற்றை விளங்கிக்கொள்ள இது திறவுகோலாக அமையும்.

2. தமிழ் மரபில் உணர்வும் கேள்வியும்

இக்கோட்பாட்டின் பெயர் புதிது எனினும், உணர்வை ஆராய்ந்து பெயரிடும் முயற்சி தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டினை வகுத்து, ஒவ்வொன்றும் தோன்றும் நிலைக்களன்களை நான்கு நான்காகப் பகுக்கிறது. இவ்வகைப்பாட்டில் கருதத்தக்கது ‘மெய்ப்பாடு’ என்னும் சொல்லாட்சி. உள்ளத்து நிகழ்வது உடலில் வெளிப்பட்டுக் காண்பார்க்குப் புலனாவதே மெய்ப்பாடு. உணர்வு ஒருவர் அகத்தோடு முடிந்துவிடுவதன்று, பிறர் கண்டறியும் நிகழ்வு என்னும் கருத்து இதில் அடங்கியுள்ளது. இலக்கியத்திற்கு வகுத்த இலக்கணம் இது, கல்விக் கோட்பாடன்று. எனினும் மனவெழுச்சியையும் சமூகத்தையும் பிரித்துப் பார்க்க இயலாது என்பதற்கு இது பழைய சான்று.

திருக்குறளில் வெகுளாமை, அடக்கமுடைமை, பொறையுடைமை என்பன தன்னை ஆளுதல் பற்றியவை. இனியவை கூறலும் கண்ணோட்டமும் பிறரோடு உறவாடுதல் பற்றியவை. இவ்வாய்வுக்கு மிக நெருக்கமானது ‘கேள்வி’ என்னும் அதிகாரம். எழுத்தைக் கல்லாதவரும் கேட்டறிய வேண்டும், தளர்ச்சி வரும்போது அக்கேள்வி ஊன்றுகோலாகும் என அவ்வதிகாரம் வலியுறுத்துகிறது. கல்வியினின்றும் கேள்வியைத் தனியே பிரித்து, அதற்கென ஓர் அதிகாரம் வகுத்த மரபில், எழுதப்படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கும் கற்றல் உண்டு என்பது ஒப்புக்கொள்ளப்பட்ட செய்தி. 1989இல் தருமபுரிச் சிற்றூர்களில் வட்டமாக அமர்ந்த பெண்களுள் பெரும்பாலோர் கல்வி பெறாதவர்கள். அவர்கள் பெற்றது கேள்வி.

3. நிலமும் மக்களும்

பழைய சேலம் மாவட்டத்திலிருந்து 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தருமபுரி தனி மாவட்டமாயிற்று. அதிலிருந்து 2004ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிக்கப்பட்டது. எனவே 1989ஆம் ஆண்டு நிகழ்வுகளைக் கூறும் ஆவணங்களில் ‘தருமபுரி’ எனக் காண்பது இன்றைய ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பகுதிகளையும் உள்ளடக்கியது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

1970களில் சிப்காட் தொழில் வளாகம் ஓசூருக்கு வந்தது. பெங்களூரின் அண்மை அதனை மேலும் வளர்த்தது. தெற்கேயுள்ள மலைப் பகுதிகளிலோ கேழ்வரகு, சாமை, அவரை முதலியவற்றை மழையை நம்பி விளைவிக்கும் வேளாண்மை நீடித்தது. விளைச்சல் காலத்தில் யானைக்கு அஞ்சி இரவில் பரண்மீது காவலிருப்பது இங்கு வழக்கம். தமிழ், கன்னடம், தெலுங்கு ஆகிய மொழிகளைப் பேசுவோரும் இருளர் முதலிய பழங்குடியினரும் கலந்து வாழ்கின்றனர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காட்டை எட்டியபோது கிருஷ்ணகிரி மாவட்டத்தின் எழுத்தறிவு ஏறத்தாழ 71 விழுக்காடாகவே இருந்தது.

இத்தகைய நிலத்தில் பெண்கள் கூடுவதற்கான இடங்கள் முன்பும் இருந்தன. நடவு, களையெடுப்பு, தண்ணீர்த்துறை, கோயில் விழா, சாவு வீடு என்பன அவை. இவற்றிலெல்லாம் கூட்டம் வேறொரு காரியத்திற்காகக் கூடியது. பேசுவதற்கும் கேட்பதற்கும் என்றே குறித்த நாளில், குறித்த நேரத்தில், உறவுமுறையைக் கடந்து பெண்கள் கூடும் வழக்கம் புதியதொன்று. அதுவே 1989இல் தொடங்கியது.

4. சேமிப்புக் கூட்டம் என்னும் பள்ளி

தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் 1989ஆம் ஆண்டு அந்நிறுவனம் மகளிர் சுய உதவிக் குழுக்களை அமைக்கத் தேர்ந்த முதல் மாவட்டம் தருமபுரி. பின்னர் சேலம், தென்னார்க்காடு, மதுரை, இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்களுக்கு அத்திட்டம் விரிந்தது. இந்தியன் வங்கி கடன் வழங்கியது. குழுக்களை அமைத்துப் பயிற்றும் பணியைத் தொண்டு நிறுவனங்கள் மேற்கொண்டன. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மைராடாவும் தருமபுரி மாவட்டத்தில் பணியாற்றிய அத்தகைய நிறுவனங்களுள் ஒன்று. 1992இல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளுடன் இணைக்கும் முன்னோடித் திட்டத்தை இந்திய அளவில் தொடங்கியது. 1997–98இல் ‘மகளிர் திட்டம்’ என்னும் பெயரில் தமிழ்நாடு முழுவதற்கும் இம்முறை பரவியது.

இவ்வரலாறு வழக்கமாகக் கடன், வருவாய், வறுமை ஒழிப்பு என்னும் கோணத்திலேயே எழுதப்பட்டுள்ளது. குழுவின் அன்றாட நடைமுறையை நோக்கினால் மற்றொன்று புலப்படும். பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் வாரந்தோறும் வட்டமாக அமர்வர். ஒவ்வொருவரும் சிறுதொகை செலுத்துவர். சேர்ந்த பொதுநிதியிலிருந்து யாருக்கு, எதற்காக, எவ்வளவு கடன் என்பதைக் குழுவே முடிவு செய்யும். அம்முடிவு தீர்மானப் புத்தகத்தில் எழுதப்படும். தாமதமாக வந்தாலோ வராதிருந்தாலோ தண்டம் உண்டு. ஊக்குநரும் பிரதிநிதிகளும் உறுப்பினருள்ளிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

இவற்றுள் கடன் முடிவே மிகக் கடினமான பாடம். நிதியில் உள்ள தொகை சிறிது, கேட்போர் பலர். ஒருத்திக்குக் குழந்தையின் மருத்துவச் செலவு, மற்றொருத்திக்கு விதை, இன்னொருத்திக்கு அடகு மீட்பு. தன் தேவையைக் கூச்சமின்றி எடுத்துரைத்தல் வேண்டும். பிறர் தேவை தன் தேவையினும் முந்தியது எனக் கண்டால் விட்டுக்கொடுத்தல் வேண்டும். கிடைக்காதபோது எழும் வெகுளியையும், கடன் பெற்றவள் தவணை தவறும்போது எழும் ஐயத்தையும் அடக்கி, அடுத்த வாரமும் அதே வட்டத்தில் அவள் அருகே அமர்தல் வேண்டும். பிற்காலத்தார் வகுத்த ஐந்து திறன்களுள் ஒன்றேனும் இங்கு விடுபடவில்லை. வட்டிக் கணக்கைவிட இவற்றைக் கற்பதே கடினமாயிருந்திருக்கும் எனலாம்.

இது திட்டமிடாமல் நேர்ந்த பயனும் அன்று. மைராடா உருவாக்கிய பயிற்சிப் பாடங்களில் கணக்கு எழுதுதலோடு உரையாடல், தலைமைப் பண்பு, கூட்டாக முடிவெடுத்தல், முரண்பாடு தீர்த்தல் ஆகியனவும் தனித்தனிப் பாடங்களாக இடம்பெற்றன. அந்நிறுவனத்தை நெடுங்காலம் வழிநடத்திய அலோசியஸ் பெர்னாண்டஸ், குழுவைப் பிணைப்பது கடனன்று, உறுப்பினரிடையே முன்பே நிலவும் இணக்கமும் நம்பிக்கையுமே என்பதைத் தொடர்ந்து வலியுறுத்தினார். உறவே முதல், பணம் அதன்மேல் எழுவது என்னும் இக்கருத்து, வங்கியியல் நூல்களைக் காட்டிலும் கல்வியியல் நூல்களுக்கே உரியது. ‘சமூக மனவெழுச்சிக் கற்றல்’ என்னும் பெயர் அமெரிக்காவில் பிறப்பதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே அதன் உள்ளடக்கம் தருமபுரி மாவட்டத்தில் பயிற்சியாக நடந்தது என்பது இங்குப் பெறப்படும்.

5. அறிவொளியும் கலைப்பயணமும்

1990களில் பெரியவர்களின் கற்றலுக்கு மேலும் இரு நிகழ்வுகள் துணைநின்றன. ஒன்று அறிவொளி இயக்கம். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆட்சியர் ஷீலாராணி சுங்கத் காலத்தில் நடந்த எழுத்தறிவு இயக்கம், எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் பெண்களுக்குக் கற்பித்தது. மிதிவண்டி எழுத்தறிவுக்கு இன்றியமையாததன்று. ஆயினும் ஊரார் பார்க்கத் தெருவில் வண்டி ஓட்டும் பெண் கடப்பது கூச்சத்தையும் அச்சத்தையும்; அவள் பெறுவது பெருமிதம். அறிவுக் கல்வியோடு உணர்வுக் கல்வியையும் இணைத்த நிகழ்வாக அதனைக் கொள்ளலாம்.

மற்றொன்று தருமபுரிக்கே உரியது. கொடியதொரு சிக்கலிலிருந்து பிறந்தது. சேலம், தருமபுரி முதலிய மாவட்டங்களில் பெண் சிசுக்கொலை பரவலாக நிகழ்வது வெளிப்பட்டபின், 1992இல் தமிழ்நாடு அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கியது. வழக்குப் பதிவும் தொட்டிலும் செயலைத் தடுக்க முனைந்தன. அச்செயலுக்குப் பின்னுள்ள அச்சத்தையும் இழிவுணர்வையும் தொடவில்லை. 1997–99 ஆண்டுகளில் டென்மார்க் நாட்டு உதவியுடன் நடந்த நலவாழ்வுத் திட்டத்தின் பகுதியாகத் தருமபுரி மாவட்டச் சிற்றூர்களில் ‘கலைப்பயணம்’ மேற்கொள்ளப்பட்டது. பாடலும் வீதி நாடகமும் பெண்ணின் வாழ்நாள் முழுதும் தொடரும் பாகுபாட்டை ஊர்நடுவில் காட்சிப்படுத்தின. இம்முயற்சியை வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஷீலாராணி சுங்கத்தும் 2000ஆம் ஆண்டு ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’ இதழில் எழுதிய கட்டுரை பதிவு செய்துள்ளது. அதன்பின் சிசுக்கொலை குறைந்ததையும் எடுத்துரைக்கிறது.

கலைப்பயணத்தைச் சமூக மனவெழுச்சிக் கற்றலாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. பெண் குழந்தை பிறந்த வீட்டின் அழுகை இயல்பான துயரமாகக் கருதப்பட்ட சூழலில், அவ்வழுகை எங்கிருந்து வந்தது என்னும் வினாவை அது ஊரார் முன் வைத்தது. வரதட்சிணை பற்றிய அச்சமும் ஊரார் இகழ்வர் என்னும் இளிவரலும் அழுகையாக வெளிப்படுகின்றன எனப் பலர் சேர்ந்து உணர்வதே மாற்றத்தின் தொடக்கம். தனியொருத்தி தன் வீட்டுக்குள் இதனைக் கற்க இயலாது. உணர்வு ஊரால் உருவாக்கப்பட்டதெனின் அதனை மாற்றுவதும் ஊர் கூடிச் செய்ய வேண்டியதாகிறது.

6. பள்ளிக்குள் வந்த கற்றல்

குழந்தைகள் ஒருவருக்கொருவர் கற்பித்தல் தமிழகத் திண்ணைப் பள்ளியில் பழகிய முறை. 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிகளில் கண்டதைக்கொண்டு அமைத்த சட்டாம்பிள்ளை முறை ‘சென்னை முறை’ என இங்கிலாந்தில் பெயர் பெற்றது. ஆனால் அதே திண்ணைப் பள்ளி பிரம்புக்கும் பெயர்போனது. தமிழ் வகுப்பறையில் அச்சம் நெடுங்காலம் கற்பித்தலின் கருவியாக நீடித்தது.

அவ்வச்சத்தைத் திட்டமிட்டு நீக்க முயன்ற பெருமுயற்சி செயல்வழிக் கற்றல். மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலி ஊரகக் கல்வி மையத்தின் முறையைத் தழுவி, 2003இல் எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் இதனைத் தொடங்கினார். 2007–08இல் தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் இது விரிவுபடுத்தப்பட்டது. ஆசிரியர் பாயில் அமர்ந்தார். குழந்தைகள் சிறு குழுக்களாக அட்டைகளைக்கொண்டு தத்தம் விரைவில் கற்றனர். விடுப்பு எடுத்த குழந்தை விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அறுவடைக்கும் இடம்பெயர்தலுக்கும் ஏற்ப வருகை தடைப்படும் மலைச் சிற்றூர்க் குழந்தைக்கு இவ்வேற்பாட்டின் பொருள் பெரிது. பின்தங்கிவிட்டோம் என்னும் நாணமே பள்ளியை விட்டு நீங்குவதற்குக் காரணங்களுள் ஒன்று. பாடத்தின் அடைவை வைத்து இம்முறை பலவாறு விமரிசிக்கப்பட்டது. 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ இயக்கம் தொடக்க வகுப்புகளுக்கு வந்தது. எனினும் வகுப்பறையில் வட்டமாக அமரும் பழக்கத்தை அரசுப் பள்ளிக்குள் கொணர்ந்த பெருமை செயல்வழிக் கற்றலுக்கு உரியது.

கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் நாளே மீண்டும் திறக்கப்பட்டன. அந்த இடைவெளியை நிரப்ப 2021 அக்டோபர் 27ஆம் நாள் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பெற்றது. ஊர்ப் பெண்களே பெரும்பாலும் தன்னார்வலராக மாலை நேரங்களில் குழந்தைகளைக் கூட்டிக் கற்பித்தனர். அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் ஊரகத் தமிழ்நாட்டில் நிகழ்த்திய ஆய்வு, பள்ளி திறந்த ஆறு மாதங்களில் கற்றல் இழப்பில் மூன்றில் இரு பங்கு மீட்கப்பட்டதாகவும், அம்மீட்பில் 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வியால் விளைந்ததாகவும் காட்டுகிறது. அவ்வாய்வு அளந்தது மொழியும் கணக்குமே. எனினும் அறிமுகமான ஊர்ப்பெண்ணொருத்தியின் முன்னிலையில் குழந்தை மீண்டும் பிறரோடு கூடியமரக் கற்றது என்பதையும் அதனோடு சேர்த்தெண்ணுதல் தகும். 1989இல் தாய்மார் அமர்ந்த வட்டத்தை இம்மாலை வகுப்பு நினைவூட்டுகிறது.

2024 நவம்பரில் அரசுப் பள்ளிகளில் ‘மகிழ் முற்றம்’ தொடங்கப்பெற்றது. மாணவர்கள் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து அணிகளாகப் பிரிக்கப்படுகின்றனர். பல வகுப்பினரும் ஓரணியில் இணைந்து தலைமையும் ஒத்துழைப்பும் பழகுவது இதன் நோக்கம். உணர்வுக்கும் நிலத்திற்கும் உறவு கண்ட திணை மரபின் பெயர்கள் இவ்வமைப்பிற்கு இடப்பட்டது பொருத்தமே.

7. இடைவெளிகள்

இவ்வரலாற்றை வளர்ச்சிக் கதையாக மட்டும் கூறுதல் முறையன்று. முதலாவதாக, மகளிர் குழுக்கள் எண்ணிக்கையில் பெருகப் பெருகக் கூட்டத்தின் உள்ளடக்கம் மெலிந்தது. வங்கி இலக்கும் கடன் தொகையும் முதன்மை பெற்றபோது முரண்பாடு தீர்த்தல், உரையாடல் ஆகிய பாடங்கள் பின்னுக்குச் சென்றன. வட்டமாக அமர்ந்து பேசிய கூட்டம் பல இடங்களில் தவணை செலுத்தும் வரிசையாகச் சுருங்கியது. தனியார் நுண்கடன் நிறுவனங்கள் குழுப்பிணையை வசூல் கருவியாக்கியபோது, உறவின் பாடமாக இருந்த அதே வட்டம் அவமானத்தின் களமாகவும் மாறியது; அண்டை மாநிலமான ஆந்திரத்தில் 2010இல் எழுந்த நெருக்கடி இதற்குச் சான்று. கூட்டத்தின் வடிவம் தானாகக் கற்பிப்பதில்லை என்பதே இதன் படிப்பினை.

இரண்டாவதாக, ஆண்கள் பெரும்பாலும் இக்கற்றலுக்கு வெளியே நின்றனர். சேமிப்புக் குழுவும் மாலை வகுப்பும் பெண்களைச் சார்ந்தவை. திருமணத்தையும் படிப்பு நிறுத்தத்தையும் முடிவு செய்யும் குடும்ப அவையிலோ தந்தையும் மாமனும் பாட்டனுமே முதன்மையர். 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் அம்முடிவைக் குற்றமாக்கியது. ஆனால் முடிவெடுக்கும் முறையை மாற்றும் கற்றல் ஆண்களுக்கென அமையவில்லை. பெண்களுக்குப் பொறுமையைப் பயிற்றிவிட்டு ஆண்களுக்குக் கேள்வியைப் பயிற்றாதிருப்பின், சமூக மனவெழுச்சிக் கற்றல் அடங்கிப்போதலைக் கற்பிக்கும் கருவியாகிவிடும் என்னும் எச்சரிக்கை இங்குப் பொருந்தும்.

மூன்றாவது இடைவெளி மொழி. எல்லைப் பகுதிக் குழந்தைகளுள் பலர் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுகின்றனர். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தின்படி தமிழ் அனைவர்க்கும் பாடமாயிற்று. பாடத்தைத் தமிழில் கற்பது நன்று. ஆனால் தன் அச்சத்திற்கோ வருத்தத்திற்கோ பெயரிடும் சொல் குழந்தைக்குத் தாயின் மொழியிலேயே முதலில் கிடைக்கிறது. சென்னையில் எழுதிய கையேட்டிலுள்ள உணர்வுச் சொற்கள் இம்மலைக் குழந்தைக்கு மற்றொரு பாடமாகவே தோன்றக்கூடும். பல மொழியினர் கலந்து அமரும் மகளிர் கூட்டத்தில் இயல்பாக நிகழும் மொழிக்கலப்பை வகுப்பறையும் ஏற்றல் வேண்டும்.

இன்று இம்மலைப் பகுதியின் இளம்பெண்கள் ஓசூர்ப் பகுதி மின்னணுத் தொழிற்சாலைகளுக்கும் பெங்களூருக்கும் வேலைக்குச் செல்கின்றனர். விடுதி வாழ்வு, மாறும் பணிநேரம், அறிமுகமற்ற தோழியர், மேற்பார்வையாளரிடம் கேள்வி கேட்டல் என அவர்கள் எதிர்கொள்வன யாவும் புதியவை. அத்திறன்களைப் பள்ளியில் பெறாதவர்க்குப் பெரியவர் கற்றலே இரண்டாம் வாய்ப்பு.

முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. பழைய தருமபுரி மாவட்டத்தில் சமூக மனவெழுச்சிக் கற்றல் 1989 முதல் மகளிர் சேமிப்புக் குழுக்களில், பெயர் சூட்டப்படாமலே, பயிற்சியாக நடைபெற்றது. பள்ளியில் அது 2000களுக்குப் பின்னரே வேரூன்றியது.

2. கலைப்பயணம், உணர்வைத் தனிமனிதரின் குறையாகக் கருதாமல் ஊரின் ஆக்கமாகக் கருதியது. தொல்காப்பிய மெய்ப்பாட்டுக் கோட்பாடும் உணர்வைப் பிறர்க்குப் புலனாவதாகவே காண்கிறது.

3. நியூ ஹேவனில் கோமர் கண்டதும் தருமபுரி வரலாறு காட்டுவதும் ஒன்றே: பெரியவர்கள் ஒருவரையொருவர் கேட்கக் கற்ற இடத்தில் குழந்தையின் சொல்லுக்கு இடம் கிடைக்கிறது.

4. கடன் இலக்கால் மெலிந்த குழுக் கூட்டத்தின் கற்றல் உள்ளடக்கத்தை மீட்டலும், ஆண்களை உள்ளடக்கிய கூட்டங்களை அமைத்தலும், வீட்டு மொழிக்கு வகுப்பறையில் இடமளித்தலும் உடனடித் தேவைகள். சட்டப்படி ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் உள்ள பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் பெரும்பான்மையினர். மகிழ் முற்றத்தில் மாணவர் பழகுவதை அக்குழுவில் பெற்றோரும் பழகும்படி செய்ய, புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை.

நாட்றாம்பாளையம் போன்ற ஊர்களில் ஒரு குழந்தை பள்ளியில் நிலைப்பதும் நீங்குவதும் மாலையில் வீட்டுத் திண்ணையில் நடக்கும் பேச்சில் முடிவாகிறது. அத்திண்ணையில் அமர்வோர்க்கும் பாடம் உண்டு என்பதை 1989ஆம் ஆண்டின் சேமிப்புக் கூட்டங்கள் காட்டியுள்ளன. அப்பாடத்தைத் தொடர்தல் இன்றைய கல்வித் திட்டங்களின் கடமையாகும்.